அகமதாபாத் வெயிலும் நம் சங்கக் கட்டடமும்

நம் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் வேண்டும் என்ற பேச்சு பொதுக்குழுவில் மறுபடியும் எழுந்ததை அன்பர்கள் அறிவீர்கள். இம்முறை அது பேச்சோடு நிற்காது என்றே தோன்றுகிறது. இடம் கைக்கு வந்துவிட்டது. நிதி பாதியளவு சேர்ந்திருக்கிறது. இரண்டு வரைபடங்களும் வந்திருக்கின்றன. ஒன்றில் முகப்பு முழுவதும் சிமெண்டில் செய்த ஐந்து நிலைக் கோபுரம். மற்றொன்றில் தரைமட்டத்தில் கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் தூண்களில் நிற்கும் ஏ.சி. மண்டபம், மேற்கே சாலையைப் பார்த்தபடி கண்ணாடி முகப்பு. கட்டடத் துறையில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்தை எழுதித் தரும்படி இதழாசிரியர் கேட்டுக் கொண்டார். குழுவில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கூடிய விஷயமன்று என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வரைபடங்களையும் வரைந்தவர்கள் திறமைசாலிகள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டையும் மேசை மேல் விரித்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. இந்தக் கட்டடங்களை நாக்பூரில் கட்டினாலும் ஒன்றுதான், கல்கத்தாவில் கட்டினாலும் ஒன்றுதான். சபர்மதிக் கரையில், இந்த வெயிலில், இந்த மண்ணில், ஆலை வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்காகக் கட்டப்படுகிறது என்பதற்கு அவற்றில் ஓர் அடையாளமும் இல்லை. பொதுக் கட்டடம் ஒன்றை வரையுமுன் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, மழை எப்போது எவ்வளவு பெய்கிறது, நிலம் அசைந்தால் என்ன ஆகும், உள்ளே வந்து உட்காரப் போகிறவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்த விடைகளை இந்த ஊர்க் கட்டடங்களே நமக்குச் சொல்லித் தருகின்றன.

குச்சியும் நிழலும்

முதலில் ஒரு சிறு பாடம். வீட்டில் உள்ள பிள்ளைகளை அழைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நிறுத்தி, உச்சி வேளையில் அதன் நிழலைக் குறிக்க வேண்டும். உச்சி வேளை என்றால் கடிகாரத்தில் 12 மணி அன்று. நம் நாட்டுப் பொது நேரம் கிழக்கே 82½ பாகையை வைத்துக் கணக்கிட்டது. அகமதாபாத் அதற்கு மேற்கே வெகு தூரம் தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வரச் சுமார் 12.40 ஆகிவிடும். சென்னையில் ஏறத்தாழ 12.10.

டிசம்பர் 21 அன்று இங்கே அந்த நிழல் குச்சியைவிடச் சற்றே நீளமாக, வடக்கு நோக்கி விழும். ஜூன் 21 அன்று நிழலே இருக்காது. நாம் கடக ரேகைக்கு மிக அருகில், 23 பாகையில் வசிக்கிறோம் அல்லவா? ஆக, இந்த ஊரில் ஆண்டு முழுவதும் உச்சிச் சூரியன் நமக்குத் தெற்கே இருக்கிறது, அல்லது தலைக்கு நேர் மேலே. சென்னையில் அப்படி இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை அங்கே உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும்; ஜூன் 21 அன்று அதே குச்சியின் நிழல் அரையடிக்கு மேல் தெற்கே விழும். கத்திரி வெயிலில் சென்னை வீட்டின் வடக்குச் சுவர் நண்பகலில் காயும். இங்கே காயாது.

இதனால் கட்டடத்துக்கு என்ன என்று கேட்கலாம். அகமதாபாத்தில் தெற்குப் பார்த்த நான்கடி உயர ஜன்னலுக்கு மேல் 1 அடி 9 அங்குலம் சன்ஷேடு போட்டால் போதும். மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை அந்த ஜன்னலில் நாள் முழுவதும் நேர் வெயில் படாது. டிசம்பரில், விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும் நாட்களில், அதே ஜன்னலின் கீழ்ப்பாதி வழியே வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். செலவில்லாத ஏற்பாடு. ஆனால் மேற்கு ஜன்னலுக்கு எவ்வளவு நீளச் சன்ஷேடு போட்டாலும் பயனில்லை. மாலை மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து வந்து நேருக்கு நேர் நிற்பான். அங்கே போய்க் கண்ணாடி முகப்பு வைப்பதென்றால், மே மாதத்து மாலைக் கச்சேரிக்கு அடுப்பை முன்னால் வைத்துக் கொண்டு உட்காருவதற்கு ஒப்பாகும்.

சென்னைக்கும் இவ்வூருக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே புழுக்கம், பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து போட்டுக் கடற்காற்றுக்குக் காத்திருப்போம். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் பகல் காற்று வறண்ட அனல். அதை வெளியே நிறுத்தி, இரவுக் குளிர்ச்சியை உள்ளே விட வேண்டும். பருத்த சுவர் பகலில் மெல்லச் சூடேறுகிறது. இரவில் அதைக் குளிர வைக்க எதிரெதிர்த் திறப்புகள் வேண்டும். ஊர்ப் பாசத்தில் ஊர் வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைக்க முடியாது என்பதற்குத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் இரண்டு சங்கக் கட்டடங்கள்

ஆசிரமச் சாலையில் போகும்போது ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது ஆத்மா ஹவுஸ் என்பார்கள். பிரான்சு நாட்டில் வாழ்ந்த உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்து 1954-இல் முடிந்த கட்டடம். நம்முடையது போலவே அதுவும் ஒரு சங்கத்தின் கட்டடம்தான். பணம் மட்டும் வேறு! அதன் முகப்பும் மேற்குப் பார்த்ததுதான். ஆனால் முகப்பு முழுவதும் கனத்த கான்கிரீட் பலகைகள், புத்தக அலமாரித் தடுப்புகளைச் சாய்த்து வைத்தாற்போல, ஒரு கோணத்தில் திரும்பி நிற்கின்றன. மாலைச் சூரியன் அவற்றில் மோதி நின்றுவிடும். காற்று இடையில் புகுந்து வரும். ஆற்றைப் பார்த்த கிழக்குப் பக்கத்துப் பலகைகள் சாய்வாக இல்லை, நேராக நிற்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் பெரும்பாலும் வெறும் செங்கல் சுவர்தான். அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும் அந்த முகம் முழுவதும் வெயிலுக்குச் சொன்ன பதில். வெளிநாட்டிலிருந்து வந்தவர் இதைக் கவனித்திருக்கிறார். 1983-இல் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு மே மாத மாலையில் அந்தப் பலகைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சாலையில் தார் இளகிக் கொண்டிருந்தது. உள்ளே நிற்க முடிந்தது.

இரண்டாவது கட்டடம் அதே கரையில், வடக்கே சபர்மதி ஆசிரமத்தில் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். நம் குழுவினர் அனைவரும் ஒருமுறை சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டிய இடம். (ஆசிரமத்தின் பெருந்திட்டச் சீரமைப்பு 2024-இல் தொடங்கியிருப்பதால் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நலம்.) செகந்திராபாத்தில் பிறந்த சார்லஸ் கொரியா 1958-இல், தம் 28 வயதில், இதை வடிவமைக்கத் தொடங்கினார். 1963-இல் நேரு திறந்து வைத்தார்.

காந்தியடிகளுக்கு நினைவிடம் என்றதும் கோபுரமோ குவிமாடமோ வைக்கும் ஆசை யாருக்கும் வந்திருக்கும். கொரியா அருகில் இருந்த பழைய ஆசிரம வீடுகளைப் பார்த்தார். ஓட்டுக் கூரை, செங்கல் சுவர், கல் தரை, மரக் கதவு. தம் கட்டடத்துக்கும் அதே பொருள்களையே எடுத்துக் கொண்டார். ஆனால் அண்ணல் வாழ்ந்த ஹிருதய குஞ்சத்தை நகலெடுக்கவில்லை. சுமார் 20 அடிக்கு 20 அடிச் சதுரம் ஒன்றை அலகாக வைத்துக் கொண்டார்: செங்கல் தூண்கள், மேலே கூம்பிய ஓட்டுக் கூரை. சில சதுரங்களுக்குச் சுவர் உண்டு, சிலவற்றுக்கு இல்லை, சில வானம் பார்த்த முற்றங்கள். நடுவில் ஒரு நீர்த்தொட்டி முற்றம். ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மரச் சாய்பலகைகள். தூண்களின் மேல் ஓடும் கான்கிரீட் உத்தரங்கள் வாய்க்கால் வடிவில் வார்க்கப்பட்டவை. கூரையைத் தாங்குவதும் அவைதான், மழைத் தண்ணீரைக் கொண்டு போவதும் அவைதான்.

நம் பொருளாளருக்குப் பிடிக்கக் கூடிய செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. அந்தக் கட்டடம் சதுரம் சதுரமாக வளரத் தக்கது. இன்று பத்துச் சதுரம், பணம் வந்தபின் இன்னும் ஐந்து என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எந்தக் கட்டத்திலும் அரைகுறையாகத் தோன்றாது. நன்கொடை சிறுகச் சிறுக வரும் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. பல ஊர்களில் சங்கக் கட்டடங்கள் மேல் மாடிக்குக் கம்பி நீட்டியபடியே வருடக்கணக்கில் துருப்பிடித்து நிற்பதை நாம் பார்க்கிறோம்.

போள் வீடுகள்

பழைய நகரத்தின் 'போள்' தெருக்களுக்குள் நம்மில் பலர் துணி வாங்கவும் பட்டம் வாங்கவும் மட்டுமே போயிருப்போம். 2017-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது; இந்தியாவில் அப்பெருமை பெற்ற முதல் நகரம் இது. அந்தத் தெருக்கள் ஏன் அவ்வளவு குறுகல் என்பதற்குக் காரணம் இட நெருக்கடி மட்டுமன்று. எதிரெதிர் வீடுகள் ஒன்றன் நிழலை ஒன்றின் மீது போட்டுக்கொண்டு நிற்கின்றன. வீட்டு வாசலில் உயர்ந்த 'ஓட்லா'. அது நம் திண்ணையேதான். மாலையில் அதில் உட்கார்ந்து கறிகாய் நறுக்கும் பாட்டிமாரும் நம் பாட்டிமாரே. உள்ளே 'சோக்' எனப்படும் முற்றம். இரவில் குளிர்ந்த காற்று அதில் இறங்கித் தங்கும்; பகலில் சுற்றியுள்ள அறைகள் அதை அனுபவிக்கும். தெருமுனையில் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் மரக்கோபுரம், 'சபுத்ரோ'.

முற்றத்துக்கு அடியில்தான் முக்கியமான பொருள் இருக்கிறது. 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியே இறக்கி, சுண்ணாம்பு பூசிய இருட்டறையில் சேமித்து, வருடம் முழுவதும் குடிக்கப் பயன்படுத்தினார்கள். வெளிச்சம் படாததால் பாசி பிடிக்காது. முதல் மழையை உள்ளே விடாமல் கூரையைக் கழுவி வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே வாயைத் திறப்பார்கள்.

நம் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரை 3,000 சதுர அடி என்று வைத்துக் கொள்வோம். இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அநேகமாக எல்லாம் ஜூன் முதல் செப்டம்பருக்குள். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1 லட்சத்து 75 ஆயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். அவ்வளவையும் தேக்க வேண்டியதில்லை. மேடைக்கு அடியில் பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் 28,000 லிட்டர் பிடிக்கும். மீதியை ஊறுகிணற்றில் விட்டு நிலத்துக்கே தந்துவிடலாம். பொங்கல் விழாவுக்கு டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

தண்ணீரை வைத்தே பொதுக் கட்டடம் எழுப்பிய ஊர் இது. நகரத்துக்கு வடக்கே அடாலஜில் 1499-இல் கட்டி முடித்த படிக்கிணறு ஐந்து அடுக்கு ஆழம் இறங்குகிறது. மூன்று பக்கங்களிலிருந்து வரும் படிகள் முதல் தளத்தில் கூடுகின்றன. இறங்க இறங்க வெளிச்சமும் வெப்பமும் குறைவதை உடம்பே சொல்லும். தண்ணீர் எடுக்க வந்த பெண்களும் களைத்து வந்த வழிப்போக்கரும் உட்கார்ந்து பேச மேடைகள், மாடங்கள். ராணி ரூடாபாய் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் கிணற்றில் இந்துச் சிற்பிகளின் வேலைப்பாடும் சுல்தான் காலத்துப் பூ வேலையும் ஒரே கல்லில் கலந்து கிடக்கின்றன. திருச்சிக்கு அருகே திருவெள்ளறையில் பல்லவர் காலத்துச் சுவஸ்திக வடிவக் கிணற்றைப் பார்த்த அன்பர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

2001 ஜனவரி 26

இதை எழுதாமல் கட்டடத்தைப் பற்றி எழுத முடியாது. அன்று காலை குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம். நில நடுக்கத்தின் மையம் கட்சில், பச்சாவுக்கு அருகே. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இருந்தும் இந்நகரில் பல மாடிக் குடியிருப்புகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த இரண்டு வாரங்கள் விரிசல் கண்ட வீடுகளைப் பார்வையிட்டுச் சொல்லும் வேலையில் நானும் இருந்தேன். விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம் இருந்தது. தரைத்தளத்தில் சுவரே இல்லை. கார் நிறுத்துவதற்காகத் திறந்து விட்ட வெறும் தூண்கள், அவற்றின் தலையில் நான்கைந்து மாடிகளின் கனமான சுவர்கள். மேலே இறுக்கம், கீழே தளர்ச்சி. நிலம் பக்கவாட்டில் அசைந்தபோது அந்தத் தூண்களே அடி முழுவதையும் வாங்கி ஒடிந்தன.

பழைய நகரத்தில் மரச் சட்டங்களைச் செங்கல் சுவருக்குள் கோத்துக் கட்டிய வீடுகள் பல, விரிசலோடும் சாய்வோடும், நின்றுகொண்டிருந்தன. பராமரிப்பில்லாமல் உளுத்துப் போனவை விழவே செய்தன. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மரம் வளைந்து கொடுத்துச் சுவரைப் பிடித்து வைத்திருந்த இடங்களை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது நம்மிடம் வந்துள்ள இரண்டாவது வரைபடத்தைப் பாருங்கள். 400 பேர் உட்காரும் மண்டபம், கீழே திறந்த தூண்கள். சட்டப்படி இதையும் பாதுகாப்பாகக் கட்ட முடியும். அதற்கு வழிமுறைகள் உண்டு, தூண்களுக்கிடையே கான்கிரீட் சுவர்கள் எழுப்ப வேண்டும், கம்பி அதிகம் வேண்டும், தேர்ந்த மேற்பார்வை வேண்டும். நம் கையிருப்பில் அந்த மேற்பார்வைக்குப் பணம் இருக்கிறதா என்பதே என் சந்தேகம். மண்டபத்தைத் தரையிலேயே வைத்துவிட்டால் இந்தக் கவலை பெருமளவு தீரும். படி ஏற முடியாத பெரியவர்களும் நேராக உள்ளே வரலாம். கார்கள் வேப்ப மரத்தடியில் நிற்கட்டும்.

கோபுரம் வேண்டும் என்பவர்களுக்கு

கோபுரம் கேட்கும் அன்பர்களின் மனம் எனக்குப் புரிகிறது. இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் சாலையில் போகும்போது "அது நம்முடையது" என்று விரல் நீட்டிக் காட்ட ஓர் உருவம் வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசை. அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் இல்லை. ஆனால் கோபுரம் கோயிலுக்கு உரியது. அதன் கீழ் நுழைகிறவர் கருவறையை எதிர்பார்ப்பார். இங்கே நாற்காலியும் ஒலிபெருக்கியும் இருக்கும். மேலும், நம் சங்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தொடக்க நாளிலிருந்தே சந்தா கட்டி வருகிறார்கள். அவர்களும் "நம்முடையது" என்று விரல் நீட்ட வேண்டுமே.

தமிழ்க் கட்டடம் என்றால் என்ன என்பதற்குச் செட்டிநாட்டையே எடுத்துக் கொள்ளலாம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் ஆத்தங்குடிக் கற்களோடு சேர்ந்திருக்கின்றன. நகரத்தார் எங்கெங்கே போய்ப் பிழைத்தார்கள், எதைக் கொண்டு வந்தார்கள் என்பது அந்த வீடுகளில் எழுதியிருக்கிறது. அதே சமயம் திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் அந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடியே அமைந்திருக்கின்றன. தம் வரலாற்றை மறைக்காமல் கட்டினார்கள். அதனால்தான் அவை தமிழ் வீடுகளாகத் தெரிகின்றன.

நம் வரலாறு என்ன? இந்நகரில் முதல் நூற்பாலை 1861-இல் ஓடத் தொடங்கியது. பின்னர் வந்த ஆலைகளின் சங்கொலி கேட்டு மணிநகரிலும் கோக்ராவிலும் அம்ராய்வாடியிலும் குடியேறியவர்களில் நம் தாத்தாக்களும் உண்டு. தறியிலும் நூற்பிலும் மூன்று ஷிப்டு உழைத்தார்கள். 1980-களிலும் 90-களிலும் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது எத்தனை வீடுகளில் உலை வைக்க வழியில்லாமல் போயிற்று என்பதை மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இட்லி வண்டி தள்ளியும் தையல் இயந்திரம் வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். நம் சங்கச் சுவரில் சோழர் கால யானையை வார்ப்பதற்கு முன்னால், இவர்கள் கையில் பிடித்த ஓடக்கட்டை ஒன்றை வைக்கலாமே! ஆலை வாசலில் காட்டிய பித்தளை வில்லை, சம்பளச் சீட்டு, குடும்பப் புகைப்படம் எந்த வீட்டுப் பரணில் இருந்தாலும் சங்கத்துக்குக் கொடுத்து உதவுங்கள். நுழைவாயிலை அடுத்த முதல் சதுரம் அவற்றுக்கென்றே இருக்கட்டும். அதில் எழுத்து தமிழிலும் குஜராத்தியிலும் இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு மக்களும் படிக்க வேண்டிய கதைதான் அது.

யாருக்காகக் குளிர வேண்டும்?

ஏ.சி. இல்லாமல் யார் வருவார்கள் என்று ஓர் இளைஞர் கேட்டார். திருமண நாளுக்கு ஏ.சி. வேண்டுமானால் ஓர் அறைக்கு வைத்துக் கொள்ளலாம். நான் பிடிவாதக்காரன் அல்லன். ஆனால் 2010 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாத வெப்ப அலையில் வழக்கமான எண்ணிக்கையைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இந்நகரில் இறந்தார்கள் என்று பின்னர் ஆய்வில் கணக்கிட்டார்கள். அதன் விளைவாகத்தான் 2013-இல் நகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் அதுவே முதல் திட்டம். 2016 மே மாதத்தில் வெயில் 48 டிகிரியைத் தொட்டது. நம் உறுப்பினர்களில் தகரக் கூரைக்குக் கீழே வசிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அத்தகைய வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டிக்கு, நண்பகலில் வந்து படுத்து எழுந்து போக, மின்சாரம் போனாலும் குளிர்ச்சியாக இருக்கும் ஓர் இடம் வேண்டும். பூட்டிய கண்ணாடி மண்டபம் மின்சாரம் போன அரைமணியில் அவருக்குப் பயன்படாது.

அதற்கு வேண்டியவை விலையுயர்ந்தவை அல்ல. கூரையில் வெள்ளைப் பீங்கான் ஓட்டுச் சில்லுகள் பதிப்பது இந்த ஊர்க் கொத்தனாருக்குக் கைவந்த வேலை. மறைந்த பாலகிருஷ்ண தோஷி 1980-இல் கட்டிய தம் 'சங்காத்' அலுவலகத்தின் வளைவுக் கூரைகளில் அதைத்தான் பதித்தார். பாதிக் கட்டடத்தை நிலத்துக்குள் இறக்கியும் வைத்தார். கட்டடக் கலைக்கு நோபல் போன்ற பிரிட்ஸ்கர் பரிசு 2018-இல் அவருக்குக் கிடைத்தது. பீங்கானுக்கும் பணம் இல்லையென்றால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால்கூடக் கூரைச் சூடு கணிசமாகக் குறையும். மேற்குப் பக்கம் முழுவதும் கழிவறை, பாத்திர அறை, மாடிப்படி ஆகியவற்றை வரிசையாக வைத்துவிட்டால் அவை வெயிலை வாங்கிக் கொள்ளும், மண்டபம் தப்பிக்கும். வடக்கில் பெரிய ஜன்னல்கள். மேலே, சூடான காற்று வெளியேறச் சிறு திறப்புகள். காற்று வரும் சுவரில் சிதி சையத் மசூதியை நினைவூட்டும் ஜாலி வேலை. 1573-இல் முடிந்த அந்த மசூதியின் கல் மரத்தை நாம் செதுக்க வேண்டாம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினாலே ஜாலிதான். அந்த இடைவெளிகளைக் கோலப் புள்ளிகளைப் போல வரிசைப்படுத்தினால், கோபுரம் கேட்ட அன்பர்கள் தேடும் அடையாளம் அங்கே கிடைக்கக் கூடும்.

சமையலறையை வடகிழக்கில் வைக்கச் சொல்கிறேன். வாஸ்து பார்க்கிறவர்கள் தென்கிழக்கு என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். இங்கே கோடையிலும் மழைக் காலத்திலும் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. சாம்பார்ப் புகை மண்டபத்துக்குள் போகாமல் வெளியே போக வேண்டுமானால் வடகிழக்குத்தான் வழி.

இரண்டு வரைபடங்களையும் எழுதியவர்களிடமே திருப்பிக் கொடுத்து, மேற்சொன்ன விவரங்களோடு மீண்டும் வரையச் சொல்லலாம் என்று குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன். முதல் கட்டமாக ஒன்பது சதுரம் போதும்: ஆறு சேர்ந்து மண்டபம், ஒன்று நூலகமும் ஆலை நினைவு அறையும், ஒன்று சமையல், ஒன்று முற்றம். வாசலில் பிள்ளைகளும் பெரியவர்களும் உட்கார, மனையின் முழு அகலத்துக்கும் ஒரு திண்ணை. நம் மனையின் தென்மேற்கு மூலையில் இரண்டு வேப்ப மரங்கள் இருக்கின்றன. வந்த இரு வரைபடங்களிலும் அவற்றைக் காணோம். புதிய வரைபடத்தில் முதலில் அந்த இரண்டு மரங்களையும் குறித்துவிட்டுப் பிறகு சுவர் போடும்படி கேட்டிருக்கிறேன். அடிமரத்தின் சுற்றளவையும் கிளை விரியும் தூரத்தையும் நானே அளந்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக் கொள்ளலாம்.